பயந்தவளா, பயமுறுத்தப்பட்டவளா?

எங்கள் திருவேங்கடம் பக்கம் பிரசவத்தைப் 'பேறுகாலம்' என்போம். பேறு என்றால் பாக்கியம். பயத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. புறநானூற்றில் பொன்முடியாரின் 312ஆம் பாடலும் பிள்ளை பெறுவதைத் தாயின் கடமை என்று தொடங்கி, உடனே போர்க்களம் நோக்கி நகர்ந்துவிடுகிறது. 'மலடி அறிவாளா பிள்ளைப்பேற்றின் வருத்தம்' என்னும் பழமொழியிலோ வலி வருகிறது, இன்னொரு பெண்ணை அடிக்கும் கோலாக.

தமிழகப் பிரசவ அறைகளைப் பற்றிச் சிசிலியா வான் ஹாலன் எழுதிய 'பர்த் ஆன் தி த்ரெஷோல்டு' (2003) நூலில், ஏழைப் பெண்கள் வலியைச் சக்தியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். வலியைக் கூட்டும் ஊசியை ஏற்கிறார்கள். வகுப்பில் மாணவிகள் 'சக்தி'யைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அவர்களை அதே நூலில் பெண்கள் திட்டு வாங்கும் பக்கங்களுக்கு அழைத்துப் போகிறேன். சீக்கிரம் முடியட்டும் என்பதில் அந்த அறையைவிட்டுத் தப்பும் ஆசையும் இருக்கிறது.

இயல்பாகப் பெற நினைத்த 2206 நார்வேப் பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பிற காரணங்களைக் கழித்த பிறகும் பயம் மிகுந்தவர்களுக்குப் பிரசவ நேரம் 47 நிமிடம் நீண்டிருந்தது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தக்கூடும் என்பது ஒரு விளக்கம். ஆனாலும் பயந்தவர்களிலும் பெரும்பாலோர் இயல்பாகவே பெற்றார்கள். இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. 'நீ பயந்ததால்தான் இழுத்தது', 'வலி தாங்க மாட்டேன்னு அவளே ஆபரேஷன் கேட்டா' என்று பழியை அவள் தலையில் கட்டுவது எளிது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. பெண்ணின் பயமே காரணம் என்றால், தனியார் வாசலை மிதித்ததும் அது ஏன் இப்படி ஏறுகிறது?

திருச்சித் தாயுமானவர் கதையில் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாதபோது, சிவனே தாயுருவில் வந்து பேறு பார்க்கிறார். கடவுள் நினைத்திருந்தால் வலியையே நீக்கியிருக்கலாம். கதை கேட்டது துணையை. எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் பேறுகாலக் கதையை 'யாரு கூட இருந்தா' என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அரசு மருத்துவமனைகளில் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கும் பிரசவத் துணைத் திட்டம் தமிழகத்தில் 2004இலேயே வந்துவிட்டது. அந்த உரிமையைத் தெரிந்துகொண்டு பிரசவ அறைக்குள் போகும் பெண்ணிடம் 'பயப்படாதே' என்று யாரும் உபதேசிக்க வேண்டியிருக்காது.