இடைநிறுத்தமும் நினைவும்: மீளத்தொடரும் சார்புகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

செய்நிரலை ஒரு பிரதியாகக் கொண்டு விமர்சிப்பது தகுமா என நண்பர்கள் சிலர் வினவக்கூடும். அதனை இயக்குவது கணினியே; ஆயின் எழுதுபவரும் பின்னர் வாசித்துத் திருத்துபவரும் மனிதரே. எனவே, உருவம், உள்ளடக்கம் என எமது இலக்கிய விமர்சகர்கள் நெடுங்காலமாக விவாதித்துவந்த பிரச்சினை இங்கும் எழுதல் இயல்பு.

சாதாரண சார்பு ஒன்று அழைக்கப்பட்டதும் தன் வேலையை முடித்து, விடையைத் தந்துவிட்டு மறைந்துபோகிறது. அதன் மாறிகளும் அடுக்கு நினைவகத்திலிருந்து அகன்றுவிடுகின்றன. மீளத்தொடரும் சார்போ ஒரு பெறுமானத்தைத் தந்தபின், நின்ற இடத்தையும் மாறிகளையும் காத்துக்கொண்டு, மறுமுறை கேட்கப்படும்போது அவ்விடத்திலிருந்தே தொடர்கிறது. இவ்வாறு பெறுமானங்களை ஒவ்வொன்றாக வழங்கும் சார்பினை ஜெனரேற்றர் என்பர். கருத்துப் புதியதன்று. மெல்வின் கொன்வே 1963இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் மூலவடிவம் 'கொறூற்றீன்' என்ற பெயருடன் இடம்பெற்றது. பார்பரா லிஸ்கோவும் அவர்தம் மாணவரும் 1970களில் உருவாக்கிய சி.எல்.யு. மொழி 'யீல்ட்' என்ற சொல்லை இதற்கு வழங்கியது. பைதன் மொழியில் 2001இல் அது இடம்பெற்றது.

இவ்வுருவத்தை மதிப்பிடுகையில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இடைநிறுத்தப்பட்ட வேலையின் நினைவைச் சுமப்பவர் யார்? அதற்கான விலையைச் செலுத்துபவர் யார்?

ஆய்வுக் கட்டுரைக்காகச் சொல்லடைவு ஒன்றைத் தயாரிக்க முற்பட்டபோதே இவ்வினா என்னை வந்தடைந்தது. சொற்களை இருகிளை மரமொன்றில் இட்டு, அகரவரிசையில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. பைதனில் எழுதிய ஜெனரேற்றரின் சாரம் மூன்றே வரிகள்: இடக்கிளையின் சொற்களைத் தா, இச்சொல்லைத் தா, வலக்கிளையின் சொற்களைத் தா. மரம் என்றால் என்னவென நாம் வாய்விட்டுச் சொல்லும் முறையும் அதுவே. உருவமும் உள்ளடக்கமும் இத்துணை இயைந்த பிரதியை நான் அதிகம் கண்டதில்லை.

ஆயின் அது மெதுவாக இயங்கிற்று. ஆழத்திலுள்ள சொல் நேரே வெளியே வருவதில்லை. தன் மேலுள்ள ஒவ்வொரு கணுவின் ஜெனரேற்றரும் அதனை வாங்கி மீண்டும் கைமாற்ற வேண்டும். 511 சொற்கள் ஒன்பது படிகளில் சீராக அமைந்த மரத்தில் இக்கைமாற்றங்கள் 4,097. நானோ ஏற்கெனவே அகரவரிசைப்படுத்திய பட்டியலை அப்படியே மரத்தில் ஏற்றியிருந்தேன். மரம் கிளைவிடாது கயிறாக நீண்டுவிட்டது. அப்போது அதே 511 சொற்களுக்குக் கைமாற்றங்கள் 130,816! பட்டியல் ஆயிரத்தை எட்டியபோது, மீளழைப்பின் ஆழத்துக்குப் பைதன் இயல்பாக வைத்திருக்கும் எல்லையில் மோதி நிரல் நின்றேவிட்டது. தவறு என்னுடையது. ஆயினும், அழகிய அம்மூன்று வரிகளில் எதுவும் இவ்விலையை எனக்கு உணர்த்தவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

2012இல் வெளியான பைதன் 3.3 'யீல்ட் ஃப்ரொம்' எனும் தொடரைத் தந்தது. எழுத்து சுருங்கிற்று, வேகமும் ஓரளவு கூடிற்று. எனினும் வழக்கிலுள்ள சிபைதனில் படிப்படியாக ஏறும் பயணம் முற்றாக ஒழியவில்லை. அடுக்கொன்றை நாமே வைத்து, ஒரே ஜெனரேற்றரால் மரத்தைச் சுற்றிவந்தால் சொல்லொன்றுக்கு ஒரு 'யீல்ட்' போதும். ஆனால் அங்கே நினைவின் சுமை எழுதுபவரிடமே திரும்பிவிடுகிறது. எந்தச் சுமையை இறக்கவென இவ்வுருவம் தோன்றியதோ, அதே சுமை!

செயற்றிறனையே குலதெய்வமாகக் கொண்ட சி பிளஸ் பிளஸ் மொழியின் நிலை என்ன? 2014இல் கோர் நிஷானோவும் ஜிம் ராடிகனும் முன்வைத்த மீளத்தொடரும் சார்புகளின் வழிவந்த ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் நியமத்தில் இடம்பெற்றது. அங்கு சார்பின் நினைவுச் சட்டகம் பொதுவாகக் குவியல் நினைவகத்தில் ஒதுக்கப்படுகிறது. அழைப்பவரின் ஆயுளுக்குள் அது அடங்குமாயின் தொகுப்பான் அவ்வொதுக்கீட்டைத் தவிர்க்கலாம். தவிர்க்கலாம் என்பது சலுகையேயன்றி உத்தரவாதமன்று. ஒரே பக்கத்தை இரு தொகுப்பான்கள் இரு விலைக்கு விற்கலாம். அதனினும் கொடிது மற்றொன்று. மேற்கோளாகப் பெறும் மாறியைச் சட்டகம் பிரதிசெய்து வைப்பதில்லை. அம்மாறி இறந்த பின்னும் சார்பு அதனையே சுட்டிக்கொண்டு விழித்தெழும். இங்கு நினைவு பொய்த்துவிடுகிறது.

2020இன் நியமம் கொறூற்றீனின் உறுப்புகளை எல்லாம் தந்தும் ஆயத்தமான ஜெனரேற்றர் ஒன்றைத் தரவில்லை. நூலகம் எழுதும் நிபுணரை மனத்திற்கொண்டு, சாதாரண வாசகரை வாசலில் நிறுத்திய செயல் அது என்பேன். 2023ஆம் ஆண்டு நியமமே அக்குறையைப் போக்கியது. அதில் ஜெனரேற்றருடன் 'எலிமென்ற்ஸ் ஒஃப்' எனும் ஏற்பாடும் வந்தது. உள்ளேயுள்ள ஜெனரேற்றர்களை ஒரு சங்கிலியாக வைத்து, ஆழத்திலுள்ளதையே நேரே எழுப்புவதால், 511 சொற்களும் படிதோறும் கைமாறாமலே வெளிவரும். மூன்று வரிகளின் உருவம் குலையாது விலையும் குறைந்த இடம் இதுவெனத் துணிந்து கூறலாம். மேற்கோள் பற்றிய அபாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எனது சொல்லடைவு பைதனிலேயே நின்றுவிட்டது. அதில் இப்போது இயங்குவது அடுக்கை நானே சுமக்கும் நீண்ட வடிவம். முன்பு எழுதிய மூன்று வரிகளை அழிக்க மனமின்றி, அதன் தலைப்பில் விளக்கக் குறிப்பாக இட்டிருக்கிறேன்.