யார் செய்த பாவம்?

காலை வழிபாட்டுக் கூட்டம் முடியுமுன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். முந்தைய இரவிலிருந்து அவன் வயிற்றில் ஒரு பருக்கையும் இல்லை. சூழ்ந்து நின்றோர் ஒரே குரலில் உரைத்தனர்: "ஐயோ, பாவம்!" ஆசிரியப் பணியிலிருக்கும் நாமும் அச்சொல்லையே சொன்னோம். சொன்ன பிறகே சிந்தித்தோம்.

பாவம் என்பது 'பாப' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். தீவினை என்பதே அதன் பொருள். முற்பிறப்பில் செய்த தீமை இப்பிறப்பில் துன்பமாக வந்து விளையும் என்னும் கொள்கையோடு கைகோத்து நடந்த சொல் அது. அக்கொள்கையின் கண்கொண்டு பார்த்தால் துன்புறுவோன் எவனோ, அவனே குற்றவாளி! இரங்கும் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பும் ஒளிந்து நிற்கிறது. கணவனை இழந்தவள், "பாவியாகிவிட்டேனே" என்று மார்பில் அறைந்து அழுகிறாளே, அவள் செய்த தீவினைதான் யாது?

"இன்று எவர் அப்பொருளில் சொல்கிறார்?" என்று கேட்பர். உண்மைதான். "பாவம்" என்று சொல்லித் தன் கஞ்சியில் பாதியை ஊற்றித் தரும் மூதாட்டியை நாம் பழிக்கவில்லை. ஆனால், பழம்பொருள் தேய்ந்ததால் சொல்லின் தீங்கும் தேய்ந்துவிட்டது என்பதை ஏற்பதற்கில்லை. அச்சொல்லைச் சொன்னவுடன் நெஞ்சின் சுமை இறங்கிவிடுகிறது. காரணம் கேட்கும் கடமையும் அதனுடன் இறங்கிவிடுகிறது.

வள்ளுவரும் நல்குரவு அதிகாரத்தில் 'பாவி' என்னும் சொல்லை ஆள்கிறார். யாரை அப்படி அழைக்கிறார்? வறியவனையா? அன்று, வறுமையை! மறுமை பேசும் குறள்தான் அது. ஆயினும் பழி விழுவது பசித்தவன் மீதன்று, பசியின் மீது.

பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தணித்தவை எவை? 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சி விரித்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தந்த சத்துணவு. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த காலை உணவு. பசியை ஊழின் கணக்கில் எழுதியிருந்தால் இவற்றுள் ஒன்றேனும் பிறந்திருக்குமா?

நம் கண்முன் விழுந்தவனோ தொடக்க வகுப்பைக் கடந்தவன். அவனுக்கு வேண்டியது நம் பெருமூச்சன்று. ஆகவே, அச்சொல் இனி நாவில் எழும்போதெல்லாம் ஒரு வினாவையும் உடன் எழுப்புவோம்: யார் செய்த பாவம்?