ஓவியத்தில் உரிப்பொருள்

நிலக்காட்சி ஓவியமொன்றின் உணர்ச்சி யாது என வினவியவழி, காண்பாருட் பலர் தம் நெஞ்சத்துட் புகுந்து விடை தேடுவர். தேடவேண்டிய இடம் ஓவியத்தின் அமைப்பேயாம். ஐவன் பீரிஸ் தீட்டிய கடற்கரைக் காட்சிகள் இதனை நன்கு விளக்குவன.

1921ஆம் ஆண்டிற் பிறந்த பீரிஸ், கொழும்பில் 1943இல் தோன்றிய '43 குழுவின் மூலவருள் ஒருவர். 1953இல் இங்கிலாந்து சென்று 1988இல் இறக்குமளவும் அங்கேயே வாழ்ந்தாராயினும், இளமையிற் கண்ட தெகிவளைக் கரையை அவர் தூரிகை மறந்ததில்லை.

அவ்வோவியங்கள் பலவற்றில் மணலும் நீரும் வானும் கிடைப்பட்டைகளாய் ஒன்றன்மேலொன்று அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை ஊடறுத்து எழுவன மெல்லிய மரங்களும் நிற்கும் மாந்தருமே. கிடைக்கோட்டின் வழியே ஓடும் கண்ணை நிலைக்கோடு தடுத்து நிறுத்துகின்றது. மாந்தர் முகத்தில் அழுகை விளங்கத் தீட்டப்படவில்லை; அவர் நிற்கும் நிலையே பேசுகின்றது.

பொருளிலக்கண மரபின்படி நெய்தலுக்கு உரியது இரங்கல். பீரிஸின் கரையிலோ மிக்கு நிற்பது முல்லைக்குரிய இருத்தலாகும். நிலம் நெய்தல், ஒழுக்கம் முல்லை. இதனைத் திணைமயக்கம் என்பர் தமிழர். பாட்டிற்கு வகுத்த இலக்கணம் ஓவியத்திற்கு எற்றுக்கு என்பாருமுளர். நிலத்தையே நெஞ்சின் மொழியாக்கிய இலக்கணம் நிலக்காட்சிக்கு உதவாதெனின், வேறெதற்கு உதவும்?

வன்னி மாணவர்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நந்திக்கடலை அடுத்த முல்லைத்தீவுக் கரையும் மணல், நீர், வான் என்னும் பட்டைகளால் ஆயதே. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின், எவ்வெறுங்கரையைக் கண்டாலும் ஆங்குள்ளார் முள்ளிவாய்க்காலையே காண்பர். அதனைப் பிழையெனத் தள்ளுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று. எனினும் 1988இல் மறைந்த ஓவியர் அதனை எழுதினாரல்லர். ஓவியம் தருவது அசையாது நிற்கும் நிலை. அந்நிலைக்குப் பெயரும் ஆண்டும் தருவது காண்பார் நெஞ்சம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் ஓவியமும் மறையும். துயரும் வெறும் அணியாய்ச் சிறுக்கும்.

அன்றியும், கடற்கரையென்றதும் இரங்கல் என முடிவுகட்டுவது வன்னியின் துயரையே பிழைபடக் கற்பதாகும். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்போராட்டம் தொடங்கி வீதியோரத்தே அமர்ந்தனர். மரணச் சான்றிதழை ஏற்க மறுத்தோர் அவருட் பலர். முடிந்ததற்கு இரங்குவர், முடிந்ததென அறியாதார் இருப்பர். பீரிஸின் கரையில் நிற்கும் உருவத்திற்கு ஓவியர் ஒரு படகையேனும் பிணத்தையேனும் காட்டி முடிவு கூறாது விட்டதன் பொருத்தம், அத்தாய்மாரை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.