அவள் யாரிடம் பாடுகிறாள்?

‘பழைய பாட்டா? ஆம்பளை காலடியில் பெண் உருகிக்கொண்டே கிடப்பாளே!’ என்று அறுபதுகளின் காதல் பாடல்களை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல்லவி, சரணம், இடையிசை என்ற பாடமெல்லாம் வேண்டாம். கேட்கக் கேட்கப் பிடிபடும். ஒரே கேள்வியோடு உட்காருங்கள்: அவள் யாரிடம் பாடுகிறாள்? அவனிடமா, தோழியிடமா?

அவன் எதிரில் நாணமும் பணிவும் காட்டியாக வேண்டும். ஊர் மாட்டிவிட்ட வேஷம் அது. தோழியிடம் வேஷம் கலைந்துவிடும். சங்கப் பாடல்களின் தலைவிக்கும் அந்த வசதி இருந்தது. ஆண்டாள் தன் கல்யாணக் கனவைச் சொன்னதும் தோழியிடம்தான். 1961இல் ‘பாக்கியலட்சுமி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி சுசீலா பாடிய ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’யும் தோழிக்குச் சொன்ன கனவே.

அதே ஆண்டு வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தின் ‘அத்தான் என்னத்தான்’ இன்னும் ஒரு படி மேல். பல்லவியில் ‘அவர்’ என்று மரியாதையாக ஆரம்பித்து, என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் இழுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் தவித்ததும் அணைத்ததும் வரிசையாக வந்து விழுகின்றன, எல்லாம் ‘ஆன்’ விகுதியில்! ‘அவர்’ போய் ‘அவன்’ ஆகிவிட்டான். இயைபுக்காக வந்தது என்பார்கள் விமர்சகர்கள். இருக்கட்டுமே! தோழியிடம் பேசும்போது எந்தப் பெண் விகுதி பார்த்தாள்? ‘அத்தான்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ‘ஆணாதிக்கம்’ என்று முத்திரை குத்துவது விமர்சனமல்ல, கணக்குப்பிள்ளை வேலை.

2001இல் ‘மின்னலே’யில் தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடிய ‘வசீகரா’வில் தோழி இல்லை. ஆசையை அவனிடமே நேராகச் சொல்லிவிடுகிறாள். நல்ல மாற்றம்.

பிறகு வந்தது, காதலில் தோற்ற பையன்கள் புலம்பும் ‘சூப் பாட்டு’ மோகம். 2011இன் ‘கொலவெறி’ எடுத்த எடுப்பிலேயே பையன்களைத்தான் கூப்பிடுகிறது. தோழி இருந்த இடத்தில் இப்போது நண்பர் கூட்டம். மெட்டு துள்ளுகிறது, சரி. ஆனால் ‘அவளுக்கு உன்னைப் பிடிக்காமல் போனது ஏன்டா?’ என்று கேட்க அந்த வகைப் பாட்டுகளில் ஒரு நண்பனுக்கும் வாயில்லை. தோழியாக இருந்தால் கேட்டிருப்பாள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: சுசீலாவை ஹெட்போனில், தனியாக, சரணம் முடியும்வரை கேளுங்கள். அதற்குப் பிறகும் அடிமைப் பாட்டு என்றே தோன்றினால் வாருங்கள், சண்டை போடலாம்.