நேரத்தைக் கப்பலேற்றிய தச்சர்

கிரீன்விச் குன்றின் மேலிருக்கும் ராயல் அப்சர்வேட்டரிக்குப் போகிறவர்கள் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். முற்றத்தில் பதித்திருக்கும் பூஜ்ஜிய தீர்க்கரேகைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், அதோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஜான் ஹாரிசன் செய்த நான்கு கடிகாரங்கள் இருக்கின்றன. மனிதர் கையால் செய்த பொருள்களில் இவ்வளவு அழகானவற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலாவது ஹெச்-1. 1735இல் செய்து முடித்தது, எடை 34 கிலோ. யாராவது சொன்னால்தான் அது கடிகாரம் என்றே தெரியும். பித்தளைச் சட்டத்துக்குள், இரண்டு முனையிலும் குண்டு வைத்த இரண்டு நெடிய கம்பிகள் எதிரெதிராக ஆடுகின்றன. மேல்குண்டுகள் நெருங்கும்போது கீழ்க்குண்டுகள் விலகுகின்றன. இவை விலகும்போது அவை நெருங்குகின்றன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு கம்பியை முடுக்கினால், இன்னொன்றை அதே சாய்வு தாமதப்படுத்தும். இரண்டும் சேர்ந்து கணக்கை நேர் செய்துவிடும். முகப்பில் வினாடி, நிமிடம், மணி, நாள் என்று நான்கு தனித்தனி வட்டங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து எட்டிப் பாருங்கள்: பித்தளைக்கு நடுவே மரத்தில் செய்த பல்சக்கரங்கள்! கடலுக்குப் போகிற கடிகாரத்துக்கு மரச்சக்கரம் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு நகர மனமில்லை.

இதை எதற்காகச் செய்தார் என்று தெரிந்தால் வியப்பு இன்னும் கூடும். நடுக்கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதற்கு அந்தக் காலத்தில் நம்பகமான வழியே இல்லை. 1707இல் இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்திலுள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நான்கு மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். 1714இல் பாராளுமன்றம் சட்டமே போட்டது: அரைப் பாகைத் துல்லியத்துக்குள் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 20,000 பவுண்டு.

கணக்கு என்னவோ எளிதுதான். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கப்பலில் உச்சிவெயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது, அதே கணம் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியது. வித்தியாசம்தான் தீர்க்கரேகை. ஆனால் துறைமுகத்து மணியைக் கடலுக்குள் எப்படிக் கொண்டுபோவது? கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால், பூமத்திய ரேகையில் கப்பல் 111 கிலோமீட்டர் பிசகிவிடும். ஆட்டம், வெப்பம், குளிர், ஈரம் எல்லாவற்றையும் தாங்கி நேரம் காட்டும் கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று ஐசக் நியூட்டனே சொல்லியிருந்தார்.

நியூட்டன் கைவிரித்த இடத்தில்தான் நம்ம தச்சர் ஹாரிசன் வந்து நிற்கிறார். 1693இல் யார்க்‌ஷயரில் பிறந்து, ஹம்பர் ஆற்றங்கரையிலுள்ள பாரோ என்ற கிராமத்தில் வளர்ந்தவர். எந்தக் கடிகாரக்காரரிடமும் தொழில் பழகவில்லை. மரம்தான் அவருக்குத் தெரியும், ஆனால் எப்பேர்ப்பட்ட ஞானம்! கடிகாரத்துக்குப் போடும் எண்ணெய் நாளாக ஆகக் கெட்டியாகி ஓட்டத்தைக் கெடுக்கும். இவரோ லிக்னம் விட்டே என்ற, தன்னிடமே எண்ணெய்ப் பசையுள்ள மரத்தைத் தாங்கிகளுக்கு எடுத்துக்கொண்டார். எண்ணெயே வேண்டாம்! பிராக்கில்ஸ்பி பார்க் மாளிகையில் 1720களில் அவர் வைத்த கோபுரக் கடிகாரம் அந்த மரத்தின் தயவில் இன்றும் ஓடுகிறது.

வெயிலில் ஊசல் நீண்டு கடிகாரம் மெதுவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓர் ஊசல் செய்தார். எஃகு நீண்டு கீழே தள்ளும் அளவுக்குப் பித்தளை நீண்டு மேலே தூக்கும். ஊசலின் நீளம் அப்படியே இருக்கும். சரி, கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இது சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? இங்கேதான் நான் அந்த மனிதரிடம் முழுசாகத் தோற்றுப்போனேன். தன் வீட்டு ஜன்னல் விளிம்பையும் அடுத்த வீட்டுப் புகைபோக்கியையும் ஒரு கோடாக வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் கணத்தை இரவுக்கு இரவு குறித்தார். நட்சத்திரம் தினமும் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக மறையும். கடிகாரமும் அதையே சொல்ல வேண்டும். ஒரு புகைபோக்கி அவருக்கு வானாய்வகம்!

லண்டனுக்கு வந்து எட்மண்ட் ஹாலியைப் பார்த்தார். வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலி. அவர் ஜார்ஜ் கிரகாம் என்ற பெரிய கடிகார நிபுணரிடம் அனுப்பினார். இருவரும் காலையில் பேச உட்கார்ந்து இரவுச் சாப்பாடு வரை பேசினார்களாம். கடைசியில் கிரகாம் வட்டியில்லாமல் பணம் கொடுத்து அனுப்பினார். இந்தக் கிரகாமின் பட்டறையில் வேலை செய்த ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் ஒன்று மதராஸ் வானாய்வகத்துக்கு வந்தது, இப்போது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் அதையும் விட்டுவிடாதீர்கள்.

1736இல் ஹெச்-1 லிஸ்பன் போய் வந்தது. திரும்பும் வழியில் கரை தெரிந்தபோது, கப்பலை நடத்தியவர் அது ஸ்டார்ட் முனை என்றார். ஹாரிசன், இல்லை, லிசர்ட் முனை என்றார். லிசர்ட்தான்! தச்சர் சொன்னதே சரி என்று அந்த மாலுமியே எழுதிக்கொடுத்தார்.

மறுவருஷம், பரிசைத் தீர்மானிக்கும் தீர்க்கரேகை வாரியம் கூடியது. அத்தனை பெரிய மனிதர்களும் பாராட்டத் தயாராக இருந்தார்கள். அந்த அறையில் ஹெச்-1இல் குறை கண்டவர் ஒரே ஒருவர், ஹாரிசன். பரிசுக்கான சோதனைப் பயணத்தைக் கேட்கவேயில்லை. இதைவிட நல்லதாக இன்னொன்று செய்கிறேன், அதற்குப் பணம் கொடுங்கள் என்றார். வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அவரைக் கொண்டாடுவேன். ஹெச்-2 செய்தார், கப்பல் திரும்பும்போது அதன் கம்பிகள் ஏமாந்துவிடும் என்று தானே கண்டுபிடித்து ஒதுக்கினார். ஹெச்-3க்கு 19 வருஷம் உழைத்தார். வெப்பத்தைச் சமாளிக்க அதில் அவர் பித்தளையையும் எஃகையும் ஒட்டிச் செய்த பட்டைதான், பிறகு தெர்மோஸ்டாட் கருவிகளுக்குள் போய் உட்கார்ந்தது. இன்றைய இயந்திரங்களில் ஓடும், உருளைகளைக் கூண்டில் அடக்கிய தாங்கியின் மூதாதையும் அதில்தான் பிறந்தது. அதுவும் அவருக்குப் போதவில்லை.

அந்த 19 வருஷத்தின் நடுவில், தன் சொந்த உபயோகத்துக்கென்று ஒரு பாக்கெட் கடிகாரத்தைச் செய்யச் சொல்லி வாங்கினார். சின்னது, ஆனால் அற்புதமாக நேரம் காட்டியது. எத்தனை வருஷ உழைப்பு போனாலும் போகட்டும் என்று, அறுபது வயதைத் தாண்டிய மனிதர் பெரிய கடிகாரத்திலிருந்து சின்னதுக்குத் தாவினார். 1759இல் ஹெச்-4 பிறந்தது. 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வினாடிக்கு ஐந்து துடிப்பு, உள்ளே வைரமும் மாணிக்கமும். கிரீன்விச்சில் மற்ற மூன்றும் ஆட, இது மட்டும் ஓடாமல் இருக்கிறது. இதற்கு எண்ணெய் வேண்டும், ஓட்டினால் தேயும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளை முகமும் அதன் மேல் கறுப்புப் பூவேலையுமாக அது இருக்கும் கம்பீரம், அடடா!

1761இல் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு டெப்ட்போர்டு கப்பலில் ஜமைக்கா புறப்பட்டார். வழியில் பீர் கெட்டுப்போய் மாலுமிகள் தவித்தார்கள். மடெய்ரா தீவு எங்கே என்பதில் கேப்டன் ஒரு கணக்கு சொன்னார், வில்லியம் வேறு கணக்கு சொல்லி, இதே திசையில் போங்கள், நாளைக்குத் தீவு தெரியும் என்றார். மறுநாள் காலை தீவு எதிரே நின்றது! ஜமைக்காவில் சரிபார்த்தபோது, 81 நாள் கணக்கில் கடிகாரம் பின்தங்கியிருந்தது சுமார் 5 வினாடி.

பரிசைக் கொடுக்க வாரியம் இழுத்தடித்த கதையை நான் விரிக்கப்போவதில்லை; நினைத்தாலே கோபம் வருகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தலையிட்டபின், 1773இல் பாராளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது. ஹெச்-4ஐப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த நகலைக் கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்தில் கொண்டுபோய், அதை வாயாரப் புகழ்ந்தார்.

பிறகு இந்தக் கடிகாரங்களையே உலகம் மறந்தது. 1920இல் ரூபர்ட் கூல்ட் என்ற கடற்படை அதிகாரி பார்க்கும்போது துருப்பிடித்து, பச்சை படிந்து கிடந்தன. சம்பளம் வாங்காமல், வருஷக்கணக்காக, அவரே துடைத்து, பழுது பார்த்து ஓட வைத்தார். இவருக்கும் ஒரு கும்பிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. 1775இல், சாவதற்கு முந்தின வருஷம், ஹாரிசன் ஒரு புத்தகம் எழுதினார். திறந்த காற்றில் ஆடும் ஊசல் கடிகாரம் ஒன்று 100 நாளில் ஒரு வினாடிக்கு மேல் பிசகாமல் ஓடச் செய்யலாம் என்று அதில் சொன்னார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். மார்ட்டின் பர்ஜெஸ் என்ற கலைஞர் அந்தப் புத்தகத்தின் வழியிலேயே ஒரு கடிகாரத்தை 1970களில் செய்யத் தொடங்கினார். பிறகு வேறு கைகள் அதை முடித்தன. அதே கிரீன்விச்சில், யாரும் தொடமுடியாதபடி முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்து 100 நாள் ஓடவிட்டார்கள். 2015இல் முடிவு வந்தது. பிசகு ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.