திமில் மாட்டின் டி.என்.ஏ.: ஆய்வு சொன்னதும் நாம் சேர்த்ததும்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, நாட்டு மாடு பற்றிய பேச்சில் ஒரு வரி அடிக்கடி காதில் விழுகிறது. சிந்துவெளி முத்திரையில் இருப்பது நம்ம காங்கேயம் காளைதான், டி.என்.ஏ.விலேயே நிரூபிச்சாச்சு என்று. நிஜமாகவே நிரூபித்துவிட்டார்களா?

முதலில் உறுதியாகத் தெரிந்ததைப் பார்ப்போம். 1994-ல் லோஃப்டஸ், பிராட்லி குழுவினர் இன்றைய மாடுகளின் தாய்வழி டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். திமில் உள்ள மாடும் திமில் இல்லாத ஐரோப்பிய மாடும் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கி சுமார் பத்தாயிரம் ஆண்டுகள்தான். ஆக, இரண்டும் தனித்தனியாகப் பழக்கப்பட்டவை. திமில் மாடு தெற்காசியாவில் பழக்கப்பட்டது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை.

அடுத்தது, 2019-ல் 'சயன்ஸ்' இதழில் வெர்டுகோ, பிராட்லி குழுவினர் எழுதிய கட்டுரை. 67 பழைய மாடுகளின் மரபணுத் தொகுதிகள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசிய மந்தைகளில் திமில் மாட்டின் கலப்பு திடீரென்று ஏறுகிறது. ஆனால் தாய்வழி டி.என்.ஏ. பெரும்பாலும் பழையதாகவே நிற்கிறது. அதாவது கலப்பு முக்கியமாகக் காளைகள் வழியாக வந்திருக்கிறது. அழகான வாதம், எனக்கு மறுப்பில்லை.

இடறுவது அடுத்த படியில். அந்தக் காலத்தில் வந்த பெரும் வறட்சியால்தான், வெயில் தாங்கும் காளைகளை மக்கள் வேண்டுமென்றே சேர்த்தார்கள் என்கிறது கட்டுரை. இருக்கலாம். ஆனால் காளை வந்ததைத்தான் டி.என்.ஏ. சொல்கிறது, ஏன் வந்தது என்று சொல்லாது. வணிகத்தோடு வந்திருக்கலாம், இடம்பெயர்ந்த மக்களோடும் வந்திருக்கலாம். காலம் ஒத்துப்போவது மட்டுமே காரணம் ஆகிவிடாது.

இன்னொரு பெரிய குறை: கதாநாயகன் தெற்காசியக் காளை, ஆனால் அந்த 67-ல் சிந்துவெளி மாடு ஒன்றுகூட இல்லை. காரணம் நம்ம வெயிலும் ஈரமும். ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மனித எலும்பு மாதிரிகளைச் சோதித்து, ஒன்றே ஒன்றில்தான் பயன்படும் டி.என்.ஏ. கிடைத்தது. இரும்புலியூர்க்காரர்களுக்குப் பக்கத்து உதாரணம் பல்லாவரம், தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கல் இந்த மண்ணில் லட்சம் வருஷம் தாங்கும், டி.என்.ஏ. தாங்காது.

சரி, கீழடி? 2019 அறிக்கைக்காக 70 எலும்பு மாதிரிகளை ஆராய்ந்து, மாடு, எருமை, ஆடு ஆகியவையே பாதிக்கு மேல் என்றார்கள். இது எலும்பின் வடிவத்தை வைத்துச் சொன்னது, டி.என்.ஏ. அல்ல. மேலும் கீழடி மாடு பழக்கப்பட்டுப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து வாழ்ந்தது, அதனிடம் தோற்றக் கதையைக் கேட்க முடியாது. தெற்கில் அந்தக் கேள்விக்கு இன்னும் கிட்டே போவது தெலங்கானாவின் உட்நூர் சாம்பல் மேடு. மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலில் மாட்டுக் குளம்புத் தடங்களையே ஆல்சின் கண்டார். டி.என்.ஏ. இல்லாமலே நல்ல சாட்சி.

காங்கேயத்தைக் காப்பாற்ற சிந்துவெளி சான்றிதழ் எதற்கு? இன்று அது உழைக்கிறது, இந்த வெயிலைத் தாங்குகிறது. இந்தக் காரணமே போதும். முடிந்துபோன ஆராய்ச்சி என்று நாமே அறிவித்துவிட்டால், அடுத்த அகழாய்வில் மாட்டின் காதெலும்பை வெறுங்கையால் தொடாமல், கழுவாமல், குளிரில் பத்திரப்படுத்துங்கள் என்று யார் கேட்பார்கள்? டி.என்.ஏ. மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம் உள்ள எலும்பு அதுதான்.