ஸ்கிரேப்பரை எப்படிப் பார்ப்பது?

நம் ஊரில் மண் வேலை என்றால் ஜேசிபி அள்ளும், டிப்பர் சுமக்கும், கொட்டிய குவியலை இன்னொரு வண்டி வந்து பரப்பும். இந்த மூன்றையும் ஓடிக்கொண்டே தனியாகச் செய்து முடிப்பது மோட்டார் ஸ்கிரேப்பர். அமெரிக்க நெடுஞ்சாலைப் பணிகளின் வீடியோக்களில் அதைத் தாராளமாகப் பார்க்கலாம். முதல் பார்வைக்குக் கோணல்மாணலான நீள வண்டி. எதைக் கவனிப்பது என்று தெரிந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

முதலில் சக்கரங்களை எண்ணுங்கள். நான்கே நான்கு. முன்னாலுள்ள இன்ஜின் பகுதிக்கு ஒரே அச்சுதான். கழற்றிவிட்டால் அது தனியே நிற்காது. பின்னாலுள்ள மண் தொட்டியிலிருந்து எழும்பி வளைந்து வரும் தடித்த இரும்புக் கழுத்துதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. மண்ணின் பாரத்தில் ஒரு பங்கும் அதே கழுத்து வழியாக முன்சக்கரங்களில் இறங்குவதால், சுமை ஏற ஏற டயரின் பிடியும் கூடுகிறது. இந்த அமைப்பை 1930-களின் இறுதியில் தன் டூர்னாபுல் வண்டியில் கொண்டுவந்தவர் ஆர்.ஜி. லெட்டூர்னோ. அதுவரை ஸ்கிரேப்பர்களைப் பெரும்பாலும் இழுத்தவை மெதுவாக ஊரும் செயின் டிராக்டர்கள்.

இனி, மண் ஏறும் இடம். இதற்காகவே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தொட்டியின் முன்கதவு உயரும், தொட்டி தாழும், அடியிலுள்ள வெட்டுத்தகடு தரையில் சில அங்குலம் இறங்கும். மண் பதமாக இருந்தால், இழைப்புளியில் மரச்சுருள் எழுவதுபோல் பட்டையாகச் சுருண்டு உள்ளே ஏறும். பாதி நிரம்பியதும் காட்சி மாறும். புது மண் நுழைய இடமில்லாமல், ஏற்கெனவே கிடக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு நடுவிலிருந்து பொங்கி மேலே வரும். இன்ஜின் திணறும், டயர் வழுக்கும், பின்னாலிருந்து புல்டோசர் முட்டித் தள்ளும். தேர்ந்த ஓட்டுநர் தொட்டி தளும்பும்வரை காத்திருக்க மாட்டார். கடைசிக் கொஞ்சம் மண் ஏறுவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தில் அடுத்த நடைக்கே கிளம்பிவிடலாம். அவர் தகட்டைத் தூக்கும் அந்தக் கணத்தைத் தவறவிடாதீர்கள்.

கொட்டுவதைப் பலர் பார்ப்பதேயில்லை. எனக்கு அதுதான் உச்சம். டிப்பர்போல் தொட்டி கவிழாது. அதன் பின்சுவரே முன்னோக்கி நகர்ந்து மண்ணை வெளியே தள்ளும். தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்தக் கனத்துக்கு, வெட்டிய அதே தகடு மண்ணைச் சமமாகப் பரப்பிக்கொண்டே போகும். இதன் வேர் குதிரைக் காலத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883-இல் காப்புரிமை பெற்ற ஸ்கிரேப்பரில், பின்னால் நடந்துவரும் ஆள் ஒரு நீளக் கைப்பிடியைத் தூக்கியும் தாழ்த்தியும் வெட்டுவார், சுமப்பார், பரப்புவார்.

இவ்வளவும் பழகிய பிறகு கேட்டர்பில்லர் 657 ஸ்கிரேப்பர்கள் இரண்டு சேர்ந்து வேலை செய்யும் காட்சியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் இன்ஜின். குவித்து நிரப்பினால் சுமார் 33 கன மீட்டர் மண். பின்வண்டி முன்வண்டியோடு கொக்கி போட்டுக்கொள்ளும். முன்னது வெட்டும்போது பின்னது தள்ளும். பின்னது வெட்டும்போது முன்னது இழுக்கும். புல்டோசர் துணையே இல்லாமல் இரண்டும் நிரம்பியதும், கொக்கி கழன்று தத்தம் வேகத்தில் ஓடும்.